தமிழரசி கேட்ட படம்

தமிழரசியைப் பற்றி ஆலங்காயத்தில் இப்போது இரண்டு கதைகள் ஓடுகின்றன. காசுக்கு ஆசைப்பட்டு ஒரு கல்யாணப் பெண்ணின் வாயைக் கெடுத்தவள் என்பது ஒன்று. பாவம், தெரியாமல் போய் மாட்டிக்கொண்டாள் என்பது இன்னொன்று. இரண்டிலும் நான் இல்லை. இருந்திருக்க வேண்டியவன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் ஆதிநாராயணன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போட்டோ ஸ்டூடியோ. இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊர் முகங்களைப் பார்த்துப் பார்த்து, யாருக்கு எந்தப் பக்கம் கன்னம் ஒட்டியிருக்கும் என்பதுகூட எனக்கு அத்துப்படி. ஒரு விஷயத்தில் எனக்குத் திமிர் உண்டு. சரிசெய்யாத படம் ஒன்றுகூட என் கடையை விட்டு வெளியே போனதில்லை. ரேஷன் கார்டுக்கு எடுக்கிற படத்திலும் பருவைத் துடைத்துவிட்டுத்தான் பிரிண்ட் போடுவேன். 'ஆதி கையில போனா கழுதையும் குதிரை ஆவும்' என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

தமிழரசியின் பியூட்டி பார்லர் என் கடைக்கு நேர் எதிரே. அவள் அப்பா புளி மண்டியில் மூட்டை தூக்கியவர். பத்தொன்பது வயதில் வாணியம்பாடிக்குக் கட்டிக்கொடுத்தார். தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை செய்த அந்த மகராசன் மூன்றாம் வருஷமே வேறு ஒருத்தியோடு திருப்பூருக்குப் போய்விட்டான். இவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பன் வீட்டுக்கு வந்து அழுதுகொண்டு கிடக்கவில்லை. வாணியம்பாடியிலேயே ஒரு பார்லரில் தரையில் கிடக்கிற முடியைக் கூட்டி அள்ளுகிற வேலைக்குச் சேர்ந்தாள். ரெண்டு வருஷம் கூட்டினாள், பிறகு நூல் பிடித்துப் புருவம் எடுத்தாள், பிறகு மணப்பெண் அலங்காரம். எட்டு வருஷத்துக்கு முன்னால் என் எதிரே போர்டு மாட்டினாள்.

அவளிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. எதையும் முதலில் தன் மேல் போட்டுப் பார்க்காமல் அடுத்தவர் மேல் போட மாட்டாள். புது பிளீச் வந்தால் அவள் முழங்கைதான் முதலில் எரியும். போன வருஷம் சென்னையில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய், உதட்டில் ஊசி போடக் கற்றுக்கொண்டு வந்தாள். சர்டிபிகேட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டித் தந்தவன் நான்தான். அந்த ஊசியை டாக்டர்தான் போடலாம், இரண்டு நாள் வகுப்பெல்லாம் செல்லாது என்று எங்கள் இருவருக்கும் அப்போது யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. வந்த மறுநாள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து முதல் ஊசியைத் தன் உதட்டிலேயே குத்திக்கொண்டாள்.

"இன்னாமா இது, பொம்மைக்கு காத்து அடிக்கற மாதிரி?" என்றேன்.

"காத்து இல்லணா, ஜெல்லு. தண்ணிய இழுத்து வச்சிக்கும். ஆறு மாசம், எட்டு மாசம் இருக்கும், அப்புறம் தானா கரைஞ்சிடும்" என்றாள்.

கீதாஞ்சலியை அவளிடம் அனுப்பியவனும் நான்தான். காவலூர் போகிற ரோட்டில், மலை ஏறுவதற்கு முன்னால் இருக்கிற ஊர் அவளுக்கு. அப்பா இல்லை. அம்மா பச்சையம்மா சாமையும் கொள்ளும் விதைத்து, மகளை பி.காம் வரை படிக்க வைத்திருந்தாள். நர்சரி ஸ்கூலில் டீச்சர். லட்சணமான பெண். சிரித்தால் மட்டும் மேலுதடு மெல்லிசாகி மூக்குப் பக்கம் ஏறிக்கொள்ளும், மேல் ஈறு முழுசாகத் தெரியும். அது ஒரு குறையே இல்லை, எத்தனையோ பேருக்கு அப்படித்தான். ஆனால் சின்ன வயதிலிருந்தே பச்சையம்மா, "வாய மூடிக்கினு சிரிடி" என்று சொல்லிச் சொல்லி, சிரிப்பு வந்தாலே கை தானாக வாய்க்குப் போகிற மாதிரி அவளைப் பழக்கி வைத்திருந்தாள்.

ஜாதகத்தோடு கொடுக்கிற படத்துக்கு என் கடைக்கு வந்தாள். என் பாட்டுக்கு எடுத்தேன், என் பாட்டுக்குச் சரிசெய்தேன். ஈறை அழித்து, மேலுதட்டைக் கொஞ்சம் தடிப்பாக்கி, நடுவில் வில் மாதிரி ஒரு வளைவும் வைத்தேன். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் கலசப்பாக்கம் பக்கத்து மாப்பிள்ளை வீட்டில் சரி என்றார்கள். நேரில் வந்து பார்த்துவிட்டுப் போகும்போது, மாப்பிள்ளையின் அக்கா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "போட்டோவுல வேற மாதிரி இருந்தாங்களே" என்று சிரித்திருக்கிறாள். சும்மா சொன்னதுதான். கல்யாணத்தை ஆவணியில் வைத்துவிட்டார்கள்.

கீதாவுக்கு அது சும்மா இல்லை. ஒரு வாரம் கழித்து என் கடைக்கு வந்து அந்தப் படத்தையே மேஜை மேல் வைத்தாள்.

"இந்த உதட நேர்ல வச்சிக்க முடியுமாணா?"

"எதிர்க் கடையில கேட்டுப் பாரு" என்றேன். கிண்டலாகச் சொன்னேன். அவள் கடையை விட்டு இறங்கி நேராக ரோட்டைக் கடந்து போனாள்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்னால் தமிழரசி முதல் ஊசியைப் போட்டாள். நான்கு நாள் வீங்கிக் கிடந்தது, பிறகு அடங்கியது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும், அழகாகத்தான் இருந்தது. உதட்டு ஓரம் பேனாவால் கோடு போட்டது மாதிரி எடுப்பாக நின்றது. சிரித்தால் மேலுதடு பழையபடி ஏறிச் சுருண்டுகொள்ளாமல் ஈறை மூடிக்கொண்டது. பச்சையம்மா மகளின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இப்பதாண்டி கல்யாணக் களை வந்துகீது" என்றாள். எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. கேமரா வழியாகப் பார்த்தால், அவள் சிரிப்பு கண்ணில் ஆரம்பித்துக் கன்னம் வரை வந்து உதட்டில் நின்றுவிட்டது. பாரம் ஏறிய உதடு மேலே போக முரண்டு பிடித்தது. பழகினால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

அதோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை. வீக்கம் வடிந்ததை ஜெல் வடிந்துவிட்டது என்று கீதா நினைத்துக்கொண்டாள். தினம் செல்போனில் தன் வாயைப் படமெடுத்து, என் படத்தோடு வைத்துப் பார்ப்பாளாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் காப்புக் கட்டு, சாயங்காலம் நலங்கு, சனிக்கிழமை வரவேற்பு, ஞாயிறு விடிகாலை முகூர்த்தம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பார்லர் வாசலில் வந்து நின்றாள்.

"இப்ப போடக் கூடாது கீதா. வீங்கும்" என்றாள் தமிழரசி. ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே கேட்டது.

"கொஞ்சூண்டு போடுக்கா. அந்த போட்டோவையும் என்னையும் எதிர் எதிர்ல வச்சிப் பாக்கப் போறாங்கக்கா. இன்னொரு தபா அந்த மாதிரி யாராச்சும் சொன்னா நான் செத்துடுவேன்."

தமிழரசி போட்டாள். கொஞ்சம்தான் போட்டாளாம். இடது மேலுதட்டில் ஊசி இறங்கியபோது கீதா ஒருமுறை துடித்திருக்கிறாள், உடனே சரியாகிவிட்டது என்றிருக்கிறாள். அந்த இடம் வெளுத்திருந்தது. ஆனால் மரத்துப்போகத் தடவுகிற கிரீமே உதட்டைக் கொஞ்சம் வெளுக்க வைக்கும், அதனால் அது கிரீம் என்று நினைத்தாள். சென்னை வகுப்பில் ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஜெல் தப்பித் தவறி ரத்தக் குழாயில் இறங்கிவிட்டால் சதைக்கு ரத்தம் போகாது, முதல் அடையாளம் வெளுப்பு. நேரம் ஓட ஓடச் சதை சாகும். கரைக்கிற மருந்து ஒன்று உண்டு, அதைச் சீக்கிரம் போட்டுவிட்டால் ஒன்றும் ஆகாது. அந்த மருந்து தமிழரசியிடம் இல்லை. டாக்டருக்குத்தான் கொடுப்பார்கள்.

கீதா வீட்டுக்குப் போய்விட்டாள். மத்தியானம் காப்புக் கட்டினார்கள். நான் மூன்று மணிக்கே லைட்டுகளோடு அங்கே போய்விட்டேன். மலை நிழல் அந்த ஊர் மேல் சீக்கிரம் விழும், நாலரைக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. கீதாவை மணையில் உட்கார வைத்து ஒவ்வொருத்தியாக வந்து சந்தனமும் மஞ்சளும் பூசினார்கள். அவர்கள் வகையறாவில் நலங்கு மஞ்சளை நெற்றியில் தொட்டு வைத்து விட்டுவிட மாட்டார்கள். முகம், கழுத்து, கை எல்லாம் கெட்டியாக அப்புவார்கள், மறுநாள் விடிகிற வரைக்கும் கழுவவும் கூடாது. கீதா முகத்தில் கண்ணும் உதடும் மட்டும்தான் மிச்சம் இருந்தன. அந்த உதட்டிலும் பாதி மஞ்சள்.

அவள் இரண்டு தரம் நாக்கால் இடது பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். "பொண்ணு வெக்கப்படுது" என்று பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஐந்து மணி சுமாருக்குத் தமிழரசி போன் செய்தாள். குரல் அவள் குரலாகவே இல்லை.

"அண்ணா, கீதா போன் பண்ணா. உதடு குத்துதாம். நீங்க அங்கதானே கீறீங்க? அவ உதடு கலர் நல்லா தெரியற மாதிரி கிட்ட வச்சி ஒரு படம் எடுத்து அனுப்புங்கணா. உடனே வேணும்."

"நீயே வந்து பாத்துட்டுப் போயேன். இங்க இன்னா, பத்து நிமிஷம்."

"நலங்கு வூட்டுக்கு நான் எப்படிணா வர்றது?" என்றாள். எனக்குத்தான் புத்தி இல்லை. புருஷன் விட்டுப்போனவள் மஞ்சள் பூசுகிற நேரத்தில் வாசப்படி ஏறினால் அந்த வீட்டுப் பெண்கள் இன்ன பேச்சு என்றில்லாமல் பேசுவார்கள். மணப்பெண்ணுக்கு அலங்காரம் பண்ண மட்டும் அவள் கை ஆகும். இந்த நியாயத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

படம் எடுத்தேன். "கீதா, கொஞ்சம் சிரிமா" என்றேன். சிரித்தாள். வலது பக்கம் போனது, இடது பக்கம் போகவில்லை. படத்தைப் போனுக்கு ஏற்றிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது மேலுதட்டில் ஆரம்பித்து மூக்கு ஓரம் வரை ஒரு திட்டு, மஞ்சள் விலகிய இடத்தில் சுண்ணாம்பு பூசியது மாதிரி வெளுப்பு. என் லைட்டுதான் அங்கே அதிகமாக அடித்துவிட்டது என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி எத்தனை திட்டுகளைப் பார்த்திருக்கிறேன், எல்லாம் லைட்டின் வேலை. கை தன் பாட்டுக்கு ஓடியது. வலது பக்கத்து ரோஜா நிறத்தை எடுத்து இடது பக்கம் வைத்து, ஓரத்தை மெழுகினேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. 'கலர் நல்லா கீதுணா. உயிரே போய்ட்டு வந்துச்சி. வீக்கத்துல குத்தும், ஐஸ் வைக்கச் சொல்றேன்.'

கீதாவுக்கு ஐஸ் கொண்டுவந்து கொடுத்தார்கள். ரத்தம் போகாமல் தவிக்கிற சதைக்கு ஐஸ் ஆகவே ஆகாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் லைட்டுகளை மடக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஏழரை இருக்கும். நான் ஷட்டரைத் தூக்கும்போதே தமிழரசி தலைமுடியைக்கூட முடிந்துகொள்ளாமல் ரோட்டைக் கடந்து ஓடி வந்தாள். "வண்டி எடுங்கணா. மஞ்சள் கழுவியிருக்காங்க. மூஞ்சி என்னமோ மாதிரி கீதாம்" என்றாள். என் ஆம்னி வேனில் போனோம். அன்றைக்கு மட்டும் அவள் அந்த வாசப்படியை யாரையும் கேட்காமல் ஏறினாள்.

கீதா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இடது மேலுதடு நாவல் பழ நிறத்தில் தடித்துக் கிடந்தது. அதிலிருந்து மூக்கு ஓரம் வரை தோலில் வலை வலையாக ஊதா நிறம் படர்ந்திருந்தது. தமிழரசி விரலால் அழுத்திப் பார்த்தாள், எடுத்தாள், காத்திருந்தாள். ரத்தம் ஓடினால் அழுத்திய இடம் வெளுத்துத் திரும்பச் சிவக்கும், இங்கே நிறம் மாறவே இல்லை.

"டாக்டர் கிட்ட போவணும். இப்பவே" என்றாள்.

"காப்புக் கட்டின பொண்ணு ஊர் எல்லை தாண்டக் கூடாது. இங்கயே எதாச்சும் மருந்து குடு" என்றாள் பச்சையம்மா. அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன், பயத்தில் மனிதர்கள் தெரிந்ததைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அதிலேயே முக்கால் மணி நேரம் போனது. கடைசியில் கீதாவே எழுந்து, மஞ்சள் கயிறு கட்டிய கையால் அம்மாவை விலக்கிவிட்டு வேனில் வந்து ஏறினாள்.

வாணியம்பாடியில் தோல் டாக்டர் காஷிஃபா. சின்ன வயசு, நேர்ப் பேச்சு. கீதாவைத் திரைக்குப் பின்னால் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். பச்சையம்மா மண்டபத்துக்காரரோடு போனில் பேச வாசலுக்குப் போயிருந்தாள்.

"ரத்தக் குழாய் அடைச்சிருக்கு. எப்ப ஆரம்பிச்சதுன்னு எனக்குத் தெரியணும். என்கிட்ட கரைக்கற மருந்து ரெண்டு பாட்டில்தான் இருக்கு. ராத்திரிதான் ஆரம்பிச்சதுன்னா இதைப் போட்டுப் பாக்கலாம். நேத்தே ஆரம்பிச்சிருந்தா இது பத்தாது, நேரா வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். நேத்து சாயங்காலம் வெளுப்பு இருந்ததா?"

"இல்ல மேடம்" என்றாள் தமிழரசி. தன் போனை எடுத்துப் படத்தைக் காட்டினாள். "அஞ்சேகாலுக்கு எடுத்தது. பாருங்க, நல்லா ரோஸ் கலர்ல கீது."

டாக்டர் படத்தைப் பார்த்தார். "அப்ப சரி" என்று மருந்தை எடுக்கப் போனார்.

நான் பேசியிருக்க வேண்டும். என் வாயில் ஊசி எதுவும் போடவில்லை. ஆனால் அது என் லைட்டாகவே இருந்தால்? வீணாகக் கல்யாணத்தை நிறுத்தியவன் ஆகிவிட்டால்? இப்படி ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு வெளியே வந்து, வேனில் கிடந்த கேமராவை எடுத்தேன். அதில் அசல் படம் இருந்தது. பெரிதாக்கினேன். அதற்கு முன் எடுத்த இருபது படங்களையும் பார்த்தேன். லைட்டை வலது பக்கம் வைத்து எடுத்ததிலும், இடது பக்கம் வைத்து எடுத்ததிலும், ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்ததிலும் அந்தத் திட்டு அதே இடத்தில் இருந்தது.

உள்ளே ஓடிப்போய் டாக்டர் முன்னால் நீட்டினேன். முதல் பாட்டில் முடிந்திருந்தது.

"மேடம், அது நான் மாத்தின படம். அசல் இது."

டாக்டர் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. கேமராவில் நேரத்தைப் பார்த்து, விரல் விட்டு எண்ணினார். "ஊசி போட்டதுலேர்ந்து இருபத்தி மூணு மணி நேரம்" என்றார். இரண்டாவது பாட்டிலையும் போட்டுவிட்டு, வேலூருக்குப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டே எங்களை வாசலுக்குத் தள்ளினார். தமிழரசி கேமராவை வாங்கி அதிலிருந்த படத்தைப் பார்த்தாள். கேமராவை அணைத்து என் கையில் கொடுத்துவிட்டு, கீதாவைத் தாங்கிப் பிடிக்கப் போய்விட்டாள்.

வேலூரில் ஆறு நாள் வைத்திருந்தார்கள். மணிக்கொரு தரம் மருந்து போட்டார்கள். மூக்கு தப்பியது, உதடும் பெரும்பாலும் தப்பியது. இடது பக்கம் மட்டும் கறுத்து, காய்ந்து, ஒரு துண்டு போய்விட்டது. சேர்த்த அன்றைக்கே அங்கே ஒரு டாக்டர் பயிற்சி டாக்டர்களிடம் சொன்னதை நான் கட்டில் பக்கத்தில் நின்று கேட்டேன். "நேத்து சாயங்காலமே வந்திருந்தா அடையாளமே இருந்திருக்காது." மூன்று மாதம் கழித்து ஒரு மலையடிவாரக் கோயிலில் இருபது பேர் முன்னால் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை நல்லவன். கீதா இப்போது வாயை மூடினாலும் இடது பக்கம் ஒரு பல் தெரிகிறது. சிரித்து நான் பார்க்கவில்லை.

பச்சையம்மா ஸ்டேஷனில் புகார் கொடுத்தாள். தமிழரசியைக் கூப்பிட்டு விசாரித்தபோது வேன் ஓட்டியவன் என்று என்னையும் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். "வலிக்குதுன்னு அந்தப் பொண்ணு சொன்னப்பவே ஏன் போய் பாக்கல? ஐஸ் வைன்னு எப்படிச் சொன்ன?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அவள் போன் அவள் மடியிலேயே இருந்தது. அந்தப் படமும் அதில் இருந்தது. "தப்பா கணிச்சிட்டேன் சார்" என்றாள். நான் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தேன்.

பார்லருக்கு சீல் வைத்தார்கள். போன மாதம் சாமான்களை எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் ரோட்டைக் கடந்து போனேன்.

"தமிழு, நான் ஸ்டேஷன்ல போய் சொல்லிடறேன்மா. படத்த மாத்தினது நான்தான்னு."

"எதுக்குணா? ஊசி போட்டது நான்தானே" என்றாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கண்ணாடியை பெட்ஷீட்டில் சுற்றிக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலணா. உங்க கிட்ட நான் அழகயா கேட்டேன்? கலரத்தானே கேட்டேன்?"

வண்டி கிளம்பிப் போய்விட்டது. வழக்கு அடுத்த மாதம் வாய்தாவுக்கு வருகிறது என்கிறார்கள். ஸ்டேஷன் என் கடையிலிருந்து நூறடி தூரம்தான். தினம் இரண்டு வேளை டீ குடிக்க அதைத் தாண்டித்தான் போகிறேன். இன்னும் உள்ளே போகவில்லை.